டெஸ்டிங் கருவியில் எடுத்த ரீடிங்கைப் பத்திரப்படுத்துவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கம் மில்கள், ஃபவுண்டரிகள், ஆஸ்பத்திரிகளில் மின் சோதனை செய்வது என் தொழில். இன்சுலேஷனின் (மின்காப்பின்) தடையை அளக்கும் மெக்கர், பூமி இணைப்பைச் சோதிக்கும் எர்த் டெஸ்டர், கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் ரிலேக்களைச் சோதிக்கும் ரிலே டெஸ்ட் கிட், மின்சாரத்தின் தரத்தைப் பதியும் பவர் குவாலிட்டி அனலைசர் என்று நாள் முழுக்க ஏதாவது ஒரு கருவி கையில் இருக்கும். கூட வரும் தம்பிகளும் ஆலைகளின் எலக்ட்ரிக்கல் பொறுப்பாளர்களும் சோதனை செய்வதைப் பற்றிக் கேட்பதைவிட, எடுத்த ரீடிங்கை என்ன செய்வது என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. மீட்டர்லயே மெமரி இருக்கே சார், அப்புறம் எதுக்குத் தனியா எடுத்து வைக்கணும்?

மீட்டரின் மெமரி, வேலை முடிந்து அலுவலகம் வந்து சேரும்வரை ரீடிங் தங்குகிற இடம். அவ்வளவுதான். மீட்டர் ஏணியிலிருந்து விழலாம், பேருந்தில் தொலையலாம், மழையில் நனையலாம். ஒன்றுமே ஆகாவிட்டாலும் வருடா வருடம் கேலிபரேஷனுக்கு, அதாவது அளவு சரியாகக் காட்டுகிறதா என்று ஒத்துப் பார்க்க, போகும். அங்கே பழுது பார்த்து போர்டை மாற்றினாலோ, உள்ளிருக்கும் மென்பொருளைப் புதுப்பித்தாலோ மெமரி காலியாகத் திரும்பி வர வாய்ப்பு உண்டு. கேலிபரேஷனுக்கு அனுப்பும் முந்தின நாள் டேட்டாவை எடுத்துவிடுவது எங்களிடம் எழுதாத சட்டம்.

பழைய கருவிகளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சிலவற்றின் மெமரி, உள்ளே இருக்கும் ஒரு பட்டன் பேட்டரியின் தயவில் உயிரோடு இருக்கும். அந்த பேட்டரி தீர்ந்த அன்று ரீடிங் எல்லாம் போய்விடும். முன்னறிவிப்பு எதுவும் வராது.

2. ரிப்போர்ட் பிரிண்ட் போட்டு, பார்ட்டி (வேலை கொடுத்தவர்) கையெழுத்தும் போட்டுட்டாரு. இன்னும் எதுக்கு டேட்டா?

எனக்கு இந்தத் தொழிலில் மிக முக்கியமாகப் படுகிற விஷயம் இதுதான். இன்று எடுக்கிற ரீடிங் இன்றைக்கு மட்டும் பயன்படுவதல்ல. ஐந்து வருடம் கழித்து ஒருவர் அதே மோட்டாரில் மெக்கர் போடும்போது ஒப்பிட்டுப் பார்க்கவும் அது வேண்டும். ஒரு மோட்டாரில் 200 மெகாஓம் என்றால் நல்லதா கெட்டதா? போன வருடமும் 200 என்றால் நிம்மதி. போன வருடம் அதே வெப்பநிலையில் 2,000 இருந்திருந்தால், உள்ளே ஏதோ நடக்கிறது. ஒரே எண்தான்; போன வருடத்து ரீடிங் கையில் இருந்தால்தான் அதற்குப் பொருள் தெரியும்.

டிரான்ஸ்ஃபார்மரில் செய்யும் எஸ்எஃப்ஆர்ஏ சோதனை முழுக்க முழுக்க ஒப்பீட்டையே நம்பியிருக்கிறது. வெவ்வேறு அதிர்வெண்களில் வைண்டிங் (உள்ளே சுற்றிய கம்பிச்சுருள்) எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒரு வளைகோடாக அது வரைந்து தரும். தொழிற்சாலையிலோ முதல்முறை சார்ஜ் செய்யும்போதோ எடுத்த வளைகோடுதான் அந்த டிரான்ஸ்ஃபார்மரின் கைரேகை. இருபது வருடம் கழித்து ஒரு ஷார்ட் சர்க்யூட்டுக்குப் பிறகு வைண்டிங் நகர்ந்ததா என்று பார்க்கும்போது அந்தப் பழைய ஃபைல் வேண்டும். காகிதத்தில் அச்சடித்த படத்தின்மேல் புதிய வளைகோட்டை வைத்து நுணுக்கமாக ஒப்பிட முடியாது. ஃபைல் இல்லையென்றால் ஒரு ஃபேஸை இன்னொரு ஃபேஸோடு ஒப்பிட்டுச் சமாளிக்கலாம், ஆனால் முழு நம்பிக்கையோடு சொல்ல முடியாது.

சட்டமும் உண்டு. எர்த் சோதனையின் பதிவைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருந்து, மின் ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும் என்பது 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. நான் இரண்டு ஆண்டோடு நிறுத்துவதில்லை. அந்த இயந்திரம் ஓடுகிற வரைக்கும் ஃபைல் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

3. சேவ் பண்ணும்போது என்னென்ன போடணும்? நம்பர் தானா விழுதே, அது போதாதா?

போதாது. ஒரு தீபாவளி ஷட்டவுனில் நடந்ததைச் சொல்கிறேன். 11 கேவி கேபிள் ஒன்றுக்கு ஐந்தாயிரம் வோல்ட்டில் மெக்கர் போட்டோம். கூட வந்த தம்பி ரீடிங்கை 001, 002, 003, 004 என்று சேவ் செய்திருந்தான். ஃபேஸ் மூன்று, ரீடிங் நான்கு. ஒரு முறை கிளிப் நழுவியதால் அதே ஃபேஸில் மறுபடி எடுத்திருக்கிறான். ஆர் ஃபேஸா, ஒய் ஃபேஸா என்று இரண்டு நாள் கழித்து அவனுக்கே நினைவில்லை. நான்கில் ஒன்று மட்டும் குறைவாக இருந்தது. அது கிளிப் நழுவியதால் வந்ததா, கேபிளே கெட்டிருக்கிறதா? லைன் சார்ஜ் ஆகிவிட்டது. மறுபடி சோதிக்க அடுத்த ஷட்டவுன் வரை காத்திருந்தோம்.

அதனால் ஒவ்வொரு ரீடிங்கோடும் இவை சேர்ந்திருக்க வேண்டும்: எந்த இயந்திரம் அல்லது எர்த் பிட் (பூமி இணைப்புக் குழி), எந்த ஃபேஸ், எதற்கும் எதற்கும் நடுவே, எத்தனை வோல்ட்டில், எத்தனை நிமிடம், அப்போது வெப்பநிலை எவ்வளவு, எந்தக் கருவி. வெப்பநிலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் இன்சுலேஷன் ரீடிங் ஏறக்குறைய பாதியாகும் என்பது களத்தில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஜனவரி காலையில் 400 காட்டிய மோட்டார் மே மாதம் 200 காட்டினால் அது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. ஆனால் இரண்டு தேதியிலும் வெப்பநிலை எழுதியிருந்தால்தான் அதைச் சொல்ல முடியும்.

நேரம் போகப் போக இன்சுலேஷன் ரீடிங் எப்படி ஏறுகிறது என்று பார்க்கும் பிஐ சோதனை என்றால் பத்து நிமிட மதிப்பை ஒரு நிமிட மதிப்பால் வகுக்கிறோம். கடைசி எண்ணை மட்டும் சேவ் செய்தால் விகிதம் போய்விடும். கருவியில் வளைகோடு முழுவதையும் சேமிக்கும் வசதி இருந்தால் அதையே போடுங்கள். பெயர் தட்டச்சு செய்ய வசதியில்லாத மீட்டராக இருந்தால், ரீடிங் எண்ணுக்கு நேரே விவரத்தை நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தை அன்றைக்கே போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் வையுங்கள்.

4. மீட்டர்ல தேதி தப்பா இருக்கு. இருந்தா என்ன, எந்தத் தேதியில எடுத்தோம்னு நமக்குத் தெரியுமே?

இன்றைக்குத் தெரியும், மூன்று வருடம் கழித்துத் தெரியாது. பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால் கடிகாரம் 1980 அல்லது 2000 ஜனவரி 1 போன்ற ஒரு தொடக்கத் தேதிக்குப் போய் நிற்கும். பென் டிரைவ்களில் பயன்படும் ஃபேட் என்ற ஃபைல் சேமிப்பு முறையில் தேதிக் கணக்கே 1980-ல்தான் தொடங்குகிறது. அப்படி ஒரு ஃபைலை எங்கேயாவது பார்த்தால், ரீடிங்கில் சந்தேகம் கொள்வதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

சைட்டுக்குக் கிளம்புமுன் மீட்டரின் நேரத்தைக் கைபேசியோடு ஒப்பிட்டுச் சரி செய்வது அரை நிமிட வேலை. ரிலேவும், கோளாறு நேரத்து அலைவடிவத்தைப் பதியும் ஃபால்ட் ரெக்கார்டரும் உள்ள இடத்தில் இது இன்னும் முக்கியம். இரண்டு கருவிகளின் கடிகாரமும் நாலு நிமிடம் விலகியிருந்தால், எந்த பிரேக்கர் முதலில் டிரிப் ஆனது என்ற கேள்விக்கே பதில் கிடைக்காது.

5. கேபிள் சொருகினா கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே காட்டலைங்க. மீட்டர் போயிடுச்சா?

பெரும்பாலும் மீட்டரில் குறை இருக்காது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் கேபிள்கள் நிறைய உலவுகின்றன. அவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. அடுத்து மீட்டரின் மெனு. சில கருவிகளில் டேட்டா அனுப்பும் நிலையை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒன்பது பின் சீரியல் போர்ட் உள்ள பழைய கருவியை யுஎஸ்பி கன்வர்ட்டர் வழியாக இணைக்கிறீர்கள் என்றால், கன்வர்ட்டரைச் சந்தேகப்படுங்கள். மலிவான கன்வர்ட்டர்களில் போலி சிப் இருந்தால், விண்டோஸின் புதிய டிரைவர் அதை ஏற்க மறுத்துவிடும். நல்ல கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி, மீட்டர் பெட்டிக்குள்ளேயே போட்டு வைப்பது நல்லது.

6. டெஸ்ட் லீடு மாட்டியிருக்கும்போதே யுஎஸ்பி போடலாமா? நேரம் மிச்சமாகுமே.

கூடாது. சோதனை முடிந்து, கேபிளோ வைண்டிங்கோ முழுதாக டிஸ்சார்ஜ் ஆகி, லீடுகளைக் கழற்றிய பிறகுதான் கம்ப்யூட்டரை இணைக்க வேண்டும். ஐந்தாயிரம் வோல்ட் ஏற்றிய நீளமான கேபிளில் மிச்சமிருக்கும் சார்ஜ் ஆளையே கொல்லக்கூடியது. அகச்சிவப்பு ஒளி வழியாக டேட்டா அனுப்பும் கருவிகளில்கூட இதே பழக்கத்தை நான் மாற்றுவதில்லை.

7. 64 ஜிபி பென் டிரைவ் புதுசா வாங்கிப் போட்டேன், மீட்டர் எடுத்துக்கவே மாட்டேங்குது.

பென் டிரைவ் கெட்டுப்போகவில்லை, மீட்டருக்கு அது புரியவில்லை. 32 ஜிபிக்கு மேற்பட்டவை பொதுவாக எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகி வருகின்றன. பல கருவிகளுக்கு ஃபேட்32 மட்டுமே தெரியும். ரொம்பப் பழையவை 2 ஜிபிக்கு மேல் உள்ள எஸ்டி கார்டையே ஏற்காது. 8 அல்லது 16 ஜிபி டிரைவ் ஒன்றை ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்து, அதை மீட்டருக்கு மட்டும் ஒதுக்குங்கள். பாட்டும் படமும் ஏற்றிய டிரைவை மீட்டரில் சொருகாதீர்கள்.

8. பிடிஎஃப், சிஎஸ்வி, அப்புறம் கம்பெனி சாஃப்ட்வேர் ஃபைல்னு மூணு வருது. எதை வைக்கிறது?

மூன்றையும். கம்பெனி ஃபைலில்தான் கருவி பதிந்த எல்லாமும் இருக்கும்; ஆனால் அவர்களுடைய மென்பொருள் இல்லாமல் திறக்காது. சிஎஸ்வி வெறும் எழுத்து, எந்தக் காலத்திலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். வளைகோடும் படமும் அதில் சில சமயம் விடுபடும். பிடிஎஃப் மனிதர் படிக்க நல்லது, கணக்குப் போட உதவாது.

ஃபைல் பெயரில் ஆண்டை முதலில் போடுங்கள்: ஆண்டு, மாதம், தேதி, ஆலை, இயந்திரம். அப்படிப் போட்டால் ஃபோல்டர் தானாகவே கால வரிசையில் நிற்கும். ‘புதிய ரிப்போர்ட் கடைசி’ என்று பெயர் வைத்த ஃபைல்கள் என்னிடமே ஒரு காலத்தில் இருந்தன. அவற்றைப் பிரித்தெடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

9. எக்செல்ல திறந்தேன், பேனல் நம்பர் எல்லாம் தேதியா மாறி நிக்குது!

சிஎஸ்வியை நேரடியாக இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் எக்செல் தானே ஊகிக்கும். பேனல் 3-5 என்று இருந்தால் மே 3 ஆகிவிடும். 007 என்ற மீட்டர் எண் வெறும் 7 ஆகும். ஒரு ஆலையில் ஃபீடருக்கு 2ஈ3 என்று ஆங்கில எழுத்தை நடுவில் வைத்துப் பெயர். எக்செல் அதை இரண்டாயிரம் என்று எடுத்துக்கொண்டது. அதன்பிறகு சேவ் அழுத்தினால் பழைய பெயர் நிரந்தரமாகப் போய்விடும்.

வழி என்னவென்றால், எக்செல்லில் வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா மெனுவில் உள்ள இறக்குமதி வசதி வழியாக ஃபைலைக் கொண்டுவந்து, அந்தப் பத்தியை ‘எழுத்து’ வகை என்று சொல்லிவிட வேண்டும். மீட்டரிலிருந்து வந்த மூல ஃபைலில் கை வைக்காமல் ஒரு நகலில் மட்டும் வேலை செய்தால், இப்படி ஏதாவது நடந்தாலும் நஷ்டமில்லை. மூல ஃபைல்களின் ஃபோல்டரைப் ‘படிக்க மட்டும்’ என்று அமைத்துவிடுங்கள்.

10. ரிலே ரெக்கார்ட் ஃபைலை வாட்ஸ்அப்ல அனுப்பினேன். திறக்கலைங்கிறாங்க, எனக்கு நல்லாத்தான் திறக்குது.

ஒரு ஃபைலை மட்டும் அனுப்பியிருப்பீர்கள். ரிலே பதிவுகளுக்கான பொது ஃபைல் வடிவமான காம்ட்ரேட்டில் ஒரு பதிவு ஒரே பெயரில் குறைந்தது இரண்டு ஃபைலாக வரும். ஒன்றில் அலைவடிவத்தின் எண்கள் மட்டும் இருக்கும். எந்தச் சேனல் எது, எந்த அளவால் பெருக்குவது, நொடிக்கு எத்தனை மாதிரிகள் என்பதெல்லாம் மற்றொன்றில் இருக்கும். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது அர்த்தமில்லாத எண் குவியல்தான். 2013-ல் வந்த திருத்தத்தில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகச் சேர்க்கும் வழி வந்தது. ஆனால் களத்தில் பழைய ரிலேக்கள்தான் அதிகம்.

அதனால் ஒரு சம்பவத்தின் ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்புங்கள், அப்படியே சேமித்தும் வையுங்கள். ஒன்றின் பெயரை மாற்றினால் மற்றதன் பெயரையும் மாற்ற வேண்டும்.

11. எத்தனை காப்பி வைக்கிறது? எங்க வைக்கிறது?

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. கம்ப்யூட்டர் துறையில் பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு இது, எங்களுக்கும் பொருந்துகிறது. அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரோடு மாட்டியே வைக்காதீர்கள். நகலெடுத்ததும் கழற்றி அலமாரியில் பூட்டுங்கள்.

வேறு கட்டடம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கம்ப்யூட்டரும் அதன் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேஜையில் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில்தான் நனையும். பென் டிரைவை நெடுங்காலப் பிரதியாக எண்ண வேண்டாம். கரண்ட் இல்லாமல் பல வருடம் கிடந்தால் அதில் பதிந்த சார்ஜ் கசிந்து டேட்டா கெடலாம்.

12. எல்லாம் கூகுள் டிரைவ்ல தானா ஏறிடுது. அதுவே பேக்கப்தானே?

முழுதாக அல்ல. சிங்க் என்பது இங்கே செய்வதை அங்கேயும் செய்வது. நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அதுவும் விசுவாசமாக அங்கே அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு அங்கிருந்தும் போய்விடும். போன தீபாவளி டேட்டாவை இந்தத் தீபாவளிக்குத்தான் தேடப்போகிறோம், அதனால் 30 நாள் நமக்குப் போதாது. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தாலும் இதே கதைதான். முந்தைய பதிலில் கழற்றிப் பூட்டச் சொன்ன டிஸ்க் அப்போதுதான் கைகொடுக்கும்.

இன்னொன்று, ப்ளூடூத் வழியாகக் கைபேசிக்கு அனுப்பும் மீட்டர்கள். அந்த ஆப் யாருடைய கணக்கில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். வேலையை விட்டுப் போன பையனின் சொந்த மெயிலில் இரண்டு வருட ரீடிங் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, எல்லோரும் அதையே பயன்படுத்துங்கள்.

13. மீட்டர் மெமரி நிறைஞ்சிடுச்சுன்னு காட்டுது. எப்ப அழிக்கலாம்?

இரண்டு இடத்தில் நகல் ஏறி, அந்த நகலைத் திறந்தும் பார்த்த பிறகு. மீட்டரில் 84 பதிவு என்றால் சிஎஸ்வியிலும் 84 வரி இருக்க வேண்டும். முதல், நடு, கடைசி என மூன்றை மீட்டர் திரையோடு ஒத்துப் பாருங்கள். 99 பதிவோடு நின்றுவிடும் கருவிகள் இன்னும் உண்டு, ஆகவே பெரிய வேலைக்குப் போகுமுன் காலி செய்துகொண்டு போங்கள். சைட்டில், அவசரத்தில் நின்றுகொண்டு அழிக்காதீர்கள். வாடகைக்கு எடுத்த கருவியைத் திருப்பித் தரும்போது மட்டும் கட்டாயம் அழித்துவிட்டுத் தர வேண்டும். பார்ட்டியின் டேட்டா அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது.

14. மெக்கர்ல அளவுக்கு மேலன்னு காட்டுச்சு. ரிப்போர்ட்ல முடிவிலின்னு போட்டுட்டேன், சரிதானே?

சரியில்லை. கருவியின் எல்லை 200 கிகாஓம் என்றால் நமக்குத் தெரிந்தது ‘200 கிகாஓமுக்கு மேல்’ என்பது மட்டுமே. அப்படியே எழுத வேண்டும். அடுத்த வருடம் வேறொருவர் ஆயிரம் கிகாஓம் வரை அளக்கும் கருவியைக் கொண்டுவந்து 300 எடுத்தால், முடிவிலியிலிருந்து 300-க்கு விழுந்துவிட்டதாகப் பதறிப்போவார். உண்மையில் எதுவுமே மாறியிருக்காது. மூன்றாவது பதிலில் எந்தக் கருவி என்று எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

எக்செல்லில் ‘மேல்’ குறியோடு வரும் மதிப்பு எழுத்தாகவே இருக்கும். சராசரி போடும்போது அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அப்படி வந்த சராசரியை நம்ப வேண்டாம்.

15. ஒரு வாரம் அனலைசர் வச்சோம். நடுவுல கரண்ட் போய் ரெண்டு ஃபைலா உடைஞ்சிருக்கு. ஒட்டிடலாமா?

ஐரோப்பியத் தரமான இஎன் 50160 முறைப்படி மின்னழுத்தத்தை ஒரு வாரம், பத்து நிமிடச் சராசரிகளாகப் பார்க்க வேண்டும். ஒரு நாளுக்கு 144, ஏழு நாளுக்கு 1,008. உங்கள் இரண்டு ஃபைலையும் கூட்டினால் 1,008-க்கு எத்தனை குறைகிறது என்று முதலில் எண்ணுங்கள். ரிப்போர்ட்டுக்காகச் சேர்த்துக் காட்டலாம். இடைவெளி எங்கே இருந்து எங்கே வரை, காரணம் என்ன என்று எழுதிவிட வேண்டும். மூல ஃபைல் இரண்டும் தனித்தனியாகவே இருக்கட்டும். இடைவெளியை நேர்கோட்டால் நிரப்புவது கூடவே கூடாது. கரண்ட் போன அந்த நேரம்தான் பார்ட்டி தெரிந்துகொள்ள விரும்பும் விஷயமாகவே இருக்கலாம்.

16. பேரு தப்பா அடிச்சிட்டேன் அண்ணா. ஃபைல்லயே திருத்திடவா?

நகலில் திருத்துங்கள், மூலத்தில் வேண்டாம். கூடவே ஒரு சிறு குறிப்பு ஃபைல்: ‘மோட்டார் 12 என்று பதிந்தது உண்மையில் மோட்டார் 21, திருத்தியவர் இன்னார், தேதி இது’. பெயரைத் திருத்தலாம், எண்ணைத் திருத்தக் கூடாது. ரீடிங் சந்தேகமாக இருந்தால் மறுபடி சோதனை செய்து இரண்டையும் வையுங்கள். கிளிப் நழுவியதால் வந்த மோசமான ரீடிங்கைக்கூடக் காரணம் எழுதி வைத்திருந்தால், மூன்றாவது பதிலில் சொன்ன கேபிளுக்கு நாங்கள் காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

17. எல்லாத்தையும் தெரியாம அழிச்சிட்டேன். திரும்ப எடுக்க முடியுமா?

எஸ்டி கார்டு அல்லது பென் டிரைவ் என்றால் வாய்ப்பு இருக்கிறது. அந்த நொடியே கழற்றுங்கள், அதன்மேல் எதையும் எழுதாதீர்கள். அழித்ததும் ஃபைலின் முகவரிதான் முதலில் போகிறது. உள்ளடக்கம் வேறு ஏதாவது எழுதப்படும் வரை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். மீட்பு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் நிறுவி, மீட்ட ஃபைல்களை வேறு டிரைவில் இறக்குங்கள். கருவியின் உள் மெமரி என்றால் நாமாக எதுவும் செய்ய முடியாது. அணைத்து வைத்துவிட்டு, தயாரித்தவரின் சேவை மையத்தைக் கேளுங்கள்.

கிடைக்கவில்லையென்றால் பார்ட்டியிடம் உள்ளதைச் சொல்லி மறுபடி சோதனை செய்வதுதான் வழி. நினைவிலிருந்து எண்களை நிரப்பிக் கொடுக்காதீர்கள். அந்த எண்ணை நம்பி யாரோ ஒருவர் அந்த பேனலில் கை வைக்கப்போகிறார்.

18. எங்க பழைய கிட்டோட சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பில மட்டும்தான் ஓடுது. என்ன பண்றது?

எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. அந்த லேப்டாப் ஓடும்போதே உட்கார்ந்து, பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து சிஎஸ்வியாகவும் பிடிஎஃப்பாகவும் மாற்றிவிடுங்கள். மென்பொருளின் நிறுவல் சிடியையும் லைசென்ஸ் எண்ணையும் பதினொன்றாவது பதிலில் சொன்ன மூன்று இடத்திலும் வையுங்கள். லேப்டாப்பை இணையத்தில் இணைக்காமல் அந்தக் கருவிக்கு மட்டும் ஒதுக்குங்கள். விஷயம் தெரிந்தவர் அருகில் இருந்தால், அந்த லேப்டாப்பை முழுதாக ஒரு மெய்நிகர் கணினியாகப் புதிய கம்ப்யூட்டருக்குள் மாற்றித் தரச் சொல்லலாம். டாங்கிள் (லைசென்ஸ் சாவியாகச் சொருகும் சிறு கருவி) சொருகி ஓடும் மென்பொருள் என்றால் அதுவும் அங்கே வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே பழைய லேப்டாப்பைக் கைவிடுங்கள்.